மந்தநிலையில் வரிசை வீடுகள்

கேள்வி: சந்தை ஊர் ஒன்றில் குறைந்த விலையில் 12 சிறு வீடுகள் கட்டத் திட்டமிட்டோம். பொருளாதார மந்தத்தால் முன்பதிவு நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் மட்டும் போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மண்ணுக்குள் முடங்கிய பணம் வாடகையும் தராது, விலையும் போகாது. முதல் 4 வீடுகளைக் குடியேறும் நிலைவரை முடியுங்கள். சுவரைப் பகிரும் வரிசை வீடுகளானால் 8 பக்கச் சுவர்களுக்குப் பதில் 5 போதும். கடைசிச் சுவரின் அஸ்திவாரத்தை மட்டும் அடுத்த வீட்டுப் பாரத்தையும் தாங்கும்படி இப்போதே போடுங்கள். பிறகு அதையொட்டி ஆழமாகத் தோண்டினால் அடிமண் சரியும், குடியிருப்பவர் சுவரில் விரிசல் ஓடும். பாவம், அவர் என்ன செய்வார்? பொதுக் கழிவுநீர்க் குழாயை 12 வீட்டுக்கும் கணக்கிட்டே பதியுங்கள்.

ஏற்கெனவே தோண்டிய குழிகளைத் திறந்தபடி போட்டு வைக்காதீர்கள். மழைநீர் தேங்கி மண் இளகும். அஸ்திவாரத்தைப் பிளிந்த் பீம் (அஸ்திவாரத்தின் மேல், சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் விட்டம்) வரை ஏற்றி, உள்ளே மண் நிரப்பி, திமிசு போட்டு இறுக்கி நிறுத்துங்கள். நீட்டியிருக்கும் கம்பிகளுக்குத் துருப்பிடிக்காதிருக்கச் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) பூசுங்கள். மீண்டும் தொடங்கும்போது துரு செதிலாக உரிந்து கம்பி மெலிந்திருந்தால் பொறியாளர் பார்த்த பிறகே கான்கிரீட். மூன்று மாதம் கிடந்த சிமெண்ட் மூட்டையைத் தூணுக்கும் கூரைக்கும் எடுக்கவே கூடாது.