டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

வணக்கம் தோழி. ஆறு வருடமாக ஆய்வகத்துக்கு இடம் கேட்டும் துறைத்தலைவர் "பார்க்கலாம்மா" என்றே தள்ளுகிறார், உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவருக்கு இரண்டு அறை கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். படித்து மனசு கனத்துவிட்டது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர் நான்சி ஹாப்கின்ஸுக்கும் இதே நிலைதான். மீன் ஆய்வுக்குக் கூடுதல் இடம் கேட்டுக் கிடைக்காமல், டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஆய்வகங்களை அளந்தார். பெண்களுக்கு இடம் குறைவு என்பது கணக்காகவே வந்தது. 1994-இல் அங்கே அறிவியல் பிரிவில் நிரந்தரப் பேராசிரியர்கள் ஆண்கள் 194, பெண்கள் வெறும் 15. அந்தப் பெண்கள் ஒன்றாக டீனிடம் போனார்கள். இதை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1999-இல் வெளிவந்தபோது நிர்வாகமே பாகுபாட்டை ஒப்புக்கொண்டது.

நீங்களும் யாருக்கு எத்தனை சதுர அடி, எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை கமிட்டி என்று ஒரே தாளில் எழுதுங்கள். விழா வரவேற்பும் விடுதிக் காப்பாளர் வேலையும் யார் தலையில் விழுகிறது என்பதையும் விடாதீர்கள்; அதில் போவது உங்கள் ஆய்வு நேரம். தனியாக மட்டும் போகாதீர்கள். பக்கத்துத் துறைப் பெண் பேராசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கி டீனிடம் கடிதமாகக் கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.