மூணு வருஷக் கான்ட்ராக்ட்னா மூணு வருஷம் இருப்பாரா? ஜெர்சி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

கேள்வி: அண்ணா, டென்வர் பக்கத்துல அரோரால எட்டு வருஷமா இருக்கோம். பையனுக்கு பதினோரு வயசு, இங்க இருக்கற அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ப்ராங்கோஸ்னா உயிரு. 2022ல அவங்க குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவர்) ரஸ்ஸல் வில்சன் ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன், ரெண்டே வருஷத்துல அவரை அனுப்பிட்டாங்க, இவன் இப்ப அதைத் தொடவே மாட்டேங்கறான். இந்த தடவை ஃப்ரீ ஏஜென்ட்டா, அதாவது பழைய டீமோட கான்ட்ராக்ட் இல்லாம, வந்த ஒரு டிஃபென்ஸ் ப்ளேயர் ஜெர்சிதான் வேணும்னு அடம். நியூஸ்ல மூணு வருஷக் கான்ட்ராக்ட்னு போட்டிருக்கு. ஃப்ரெண்ட்ஸ் கிட்ட கேட்டா பாதி பேர் வெளியிலேருந்து வந்தவனை நம்பாத, டிராஃப்ட்ல (காலேஜ் பசங்களை டீம்கள் ரவுண்ட் ரவுண்டா தேர்ந்தெடுக்கறது) எடுத்த பையன் ஜெர்சி வாங்குன்றாங்க, மீதி பேர் டிராஃப்டே லாட்டரின்னு சண்டைக்கு வர்றாங்க. ஒரு ஜெர்சி 130 டாலர். எதை நம்பி வாங்கறது?

பதில்: தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க வில்சன் ஜெர்சி வாங்கினதுல உங்க தப்பு எதுவும் இல்ல. அந்த நேரத்துல யார் கிட்ட கேட்டிருந்தாலும் வாங்குன்னுதான் சொல்லியிருப்பாங்க. 2022 செப்டம்பர்ல, டென்வருக்கு ஒரு மேட்ச் கூட ஆடறதுக்கு முன்னாடியே, இன்னும் அஞ்சு வருஷத்துக்கு சுமார் 243 மில்லியன் டாலர்னு எழுதிக் கொடுத்தாங்க. பழைய கான்ட்ராக்ட்ல ரெண்டு வருஷம் மிச்சம் இருந்துச்சு, அப்ப பேப்பர்ல மொத்தம் ஏழு வருஷம், 2028 வரைக்கும். ஆடினது ரெண்டு சீசன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு நம்ம ஊர்ல சொல்றது என்எஃப்எல், அதாவது இந்த ஃபுட்பால் லீக், கான்ட்ராக்டுக்கு அப்படியே பொருந்தும்.

உங்க கேள்விக்கு நேரா பதில் என்னன்னா, எத்தனை வருஷம்னு பாக்காதீங்க, எத்தனை மில்லியன்னும் பாக்காதீங்க, "கேரண்டி" எவ்ளோன்னு மட்டும் பாருங்க. பேஸ்கட்பால்ல எழுதின காசு பெரும்பாலும் வந்து சேரும், இங்க அப்படி இல்ல. கேரண்டின்னு எழுதாத வருஷத்துல டீம் நினைச்சா மார்ச் மாசம் ஒரு ஃபோன் போட்டு, தேங்க்ஸ், கிளம்புங்கன்னு சொல்லிடலாம், மிச்ச சம்பளம் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். மூணு வருஷக் கான்ட்ராக்ட்ல மொத வருஷம் முழு கேரண்டி, ரெண்டாவது வருஷம் பாதி, மூணாவது வருஷம் சும்மா அழகுக்கு, இப்படித்தான் நிறைய பேருக்கு எழுதறாங்க.

அப்ப அந்த பெரிய நம்பர் எதுக்குன்னு கேப்பீங்க. இங்கதான் எனக்கு கோவமே வரும். மார்ச்ல ஃப்ரீ ஏஜென்சி தொடங்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி டீமும் ப்ளேயரோட ஏஜென்ட்டும் பேசிக்கலாம்னு 2013லேருந்து ஒரு விதி வெச்சிருக்காங்க. திங்கக்கிழமை நம்ம டென்வர் டைம் காலை பத்து மணிக்கு கதவு திறக்கும், பத்து அஞ்சுக்கெல்லாம் இன்னாருக்கு இத்தனை மில்லியன்னு நியூஸ் வந்துடும். அஞ்சு நிமிஷத்துல மூணு வருஷக் கான்ட்ராக்ட்டை எவன் பேசி முடிச்சான்? எல்லாம் முன்னாடியே பேசி வெச்சது, லீக்குக்கும் தெரியும், எப்பவாவது ஒருத்தர் மாட்டினா அபராதம், மத்தபடி கண்டுக்கறதே இல்ல. அந்த நியூஸ்ல வர்ற நம்பர் பெரும்பாலும் ஏஜென்ட் ரிப்போர்ட்டருக்கு கொடுக்கற நம்பர். ஏஜென்ட்டுக்கு கமிஷன் அதிகபட்சம் 3 சதவீதம், ஆனா அவருக்கு அதைவிட பெரிய லாபம் விளம்பரம், அடுத்த வருஷம் காலேஜ்லேருந்து வர்ற பசங்க பெரிய நம்பர் வாங்கிக் கொடுத்தவர் யாருன்னு பாத்துதான் கையெழுத்து போடுவாங்க. அதனால போனஸ், ஆல்ஸ்டார் ஆனா வர்றது, சூப்பர் பவுல் (லீக் ஃபைனல்) ஜெயிச்சா வர்றதுன்னு நடக்காததையெல்லாம் கூட்டி ஒரு மொத்தத்தை வெளிய விடுவாங்க. "வரைக்கும்"னு ஒரு வார்த்தை அந்த நியூஸ்ல இருக்கும், அம்பது மில்லியன் வரைக்கும்னு, அந்த வார்த்தையைப் பாத்தாலே பாதியைக் கழிச்சுடுங்க. 2009ல வாஷிங்டன் டீம் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்துக்கு ஏழு வருஷம் 100 மில்லியன்னு கொடுத்தது நாடு முழுக்க தலைப்பு. கேரண்டி 41 மில்லியன். ஆடினது ரெண்டு சீசன்ல 20 மேட்ச். அந்த நூறைப் பாத்து ஜெர்சி வாங்கினவன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

சரி, கேரண்டி நம்பர் எங்க பாக்கறது? ஓவர் தி கேப், ஸ்போட்ராக்னு ரெண்டு சைட் இருக்கு, ரெண்டுலயும் காசு கட்டாமலே பாக்கலாம், ப்ளேயர் பேரைத் தட்டினா வருஷ வாரியா வரும். கையெழுத்து போட்ட அன்னிக்கே பாக்காதீங்க, ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க, அப்பத்தான் உண்மையான விவரம் ஏறியிருக்கும். அதுல "டெட் கேப்"னு ஒரு வரிசை இருக்கும், அதுதான் உங்களுக்கு வேணும். விஷயம் சிம்பிள்தான். ஒருத்தர் வரும்போது டீம் ஒரு பெரிய அட்வான்ஸ் கொடுக்கும், 15 மில்லியன்னு வைங்க. காசு உடனே அவர் கைக்குப் போயிடும், ஆனா கணக்குல மூணு வருஷத்துக்கு அஞ்சு அஞ்சா பிரிச்சு எழுதிக்கலாம். மொத வருஷம் முடிஞ்சு அவரை அனுப்பினா, எழுதாத பத்தும் ஒரே அடியா அந்த வருஷக் கணக்குல விழும். ஒவ்வொரு டீமுக்கும் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, 2025ல 279.2 மில்லியன், அதுக்குள்ளதான் எல்லாரையும் அடக்கணும். அனுப்பறதால மிச்சமாகற காசைவிட இப்படி விழற சுமை அதிகமா இருந்தா அவரை அனுப்ப மாட்டாங்க. அந்த வரிசையில எந்த வருஷம் சுமை சட்டுன்னு குறையுதோ அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும்தான் ஜெர்சிக்கு ஆயுசு.

ஆனா இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, இதை நல்லா புரிஞ்சுக்கணும், ஏன்னா உங்க வில்சன் ஜெர்சியைச் சாப்பிட்டதே இதுதான். ஜூன் 1 விதின்னு பேரு. ஒரு டீம் ஒரு வருஷத்துல ரெண்டே ரெண்டு பேரை மட்டும், மார்ச்லயே அனுப்பிட்டு, ஜூன் 1க்கு அப்புறம் அனுப்பின மாதிரி கணக்கு எழுதிக்கலாம். பேரு ஜூன், நடக்கறது மார்ச்ல, இதுலயே பாதி பேர் குழம்பிடுவாங்க. அப்படி எழுதினா எல்லா சுமையும் ஒரே வருஷத்துல விழாது, ரெண்டு வருஷமா பிரியும். 2023 கடைசியில ரெண்டு மேட்ச் மிச்சம் இருக்கும்போது வில்சனை உக்கார வெச்சாங்க. அவர் பேர்ல இருந்த சுமை 85 மில்லியன். அதுவரைக்கும் ஒரு ப்ளேயருக்கு ஏறின பெரிய சுமையே 2022ல அட்லாண்டா டீம் மேட் ரையனை டிரேட் பண்ணப்ப (வேற டீமுக்கு மாத்திக் கொடுத்தப்ப) ஏறின 40 மில்லியன் சொச்சம்தான், இது அதுக்கு ரெண்டு மடங்கு. நானே எண்ணெயும் விளக்குமா உக்காந்து கணக்கு போட்டு, 2024ல அனுப்ப வாய்ப்பே இல்லன்னு என்னைக் கேட்டவங்க கிட்டயெல்லாம் சொன்னேன். 2024 மார்ச்ல அனுப்பினாங்க, ஜூன் 1 விதியைப் போட்டு, 53 மில்லியன் அந்த வருஷமும் 32 மில்லியன் 2025லயும்னு பிரிச்சுக்கிட்டாங்க. அவர் பிட்ஸ்பர்க் போய் 1.21 மில்லியனுக்கு ஆடினார், மிச்ச சம்பளத்தை டென்வர்தான் கொடுத்தது. அதாவது எதிரி டீமுக்கு ஆட இவங்க சம்பளம் கொடுத்தாங்க. இப்படி ஒரு சிஸ்டத்தை எப்படித்தான் டிசைன் பண்ணினாங்களோ! அதனால நான் சொன்ன டெட் கேப் டெஸ்ட் பாக்கும்போது அந்த சைட்லயே ஜூன் 1க்கு அப்புறம்னு தனியா ஒரு கணக்கு இருக்கும், அதையும் சேத்துப் பாருங்க. ரெண்டுலயும் சுமை அதிகமா இருந்தா ஓரளவு தைரியமா வாங்கலாம். ஒண்ணுல மட்டும்னா யோசிங்க. ஜூன் 1 வழியில மிச்சமாகற பணம் ஜூன்லதான் கைக்கு வரும், மார்ச்ல ஆள் எடுக்க உதவாது, அதனால எல்லா டீமும் எல்லா வருஷமும் இதைப் பண்ணாது, ரொம்பக் கசந்து போனாத்தான் பண்ணும்.

இப்ப உங்க ஃப்ரெண்ட்ஸ் சண்டைக்கு வரேன். டிராஃப்ட்ல எடுத்த பையன்னா பத்திரம்னு சொல்றவங்க கிட்ட ப்ராங்கோஸ் 2016லேருந்து 2020 வரைக்கும் முதல் ரவுண்ட்ல எடுத்தவங்க லிஸ்ட்டைக் கேளுங்க. 2016 பேக்ஸ்டன் லின்ச், ரெண்டே வருஷத்துல அனுப்பிட்டாங்க. 2018 பிராட்லி சப், மயாமிக்கு டிரேட். 2019 நோவா ஃபேன்ட், வில்சனை வாங்க சியாட்டிலுக்குக் கொடுத்தாங்க. 2020 ஜெர்ரி ஜூடி, கிளீவ்லேண்டுக்கு அஞ்சாவது ஆறாவது ரவுண்ட் பிக்குக்கு (அந்த ரவுண்ட்ல ஆள் எடுக்கற உரிமைக்கு) பதிலா போனார். அஞ்சு பேர்ல நிலைச்சது 2017ல எடுத்த காரெட் போல்ஸ் ஒருத்தர்தான், அவரையும் ஆரம்பத்துல மைதானத்துல கத்தாதவன் இல்ல, டீமே 2020 மே மாசம் கான்ட்ராக்டை அஞ்சாவது வருஷத்துக்கு நீட்டிக்க வேண்டாம்னு சொல்லிட்டு அதே வருஷக் கடைசியில புதுக் கான்ட்ராக்ட் கொடுத்தது. முதல் ரவுண்ட் பையனுக்கு நாலு வருஷமும் கேரண்டி கிட்டத்தட்ட முழுசா இருக்கும், அதனால பெரும்பாலும் அனுப்ப மாட்டாங்க, ஆனா சம்பளம் கம்மியா இருக்கறதாலயே வேற டீமுக்கு விக்கறது ரொம்ப ஈஸி. கேரண்டி அவர் சம்பளத்துக்குத்தான், ஊருக்கு இல்ல.

வெளி ஆளை நம்பாதன்றதும் தப்பு. 2016 பிப்ரவரியில ஜெயிச்ச சூப்பர் பவுல் 50 டீமைப் பாருங்க, பேட்டன் மேனிங், டெமார்கஸ் வேர், அகீப் தாலிப், டி.ஜே. வார்ட், இமானுவேல் சாண்டர்ஸ் எல்லாரும் ஃப்ரீ ஏஜென்ட்டா வந்தவங்க. வேர் மூணு வருஷத்துக்கு வந்தார், மூணு வருஷமும் இருந்தார். கூடவே டிராஃப்ட்ல ரெண்டாவது ஆளா எடுத்த வான் மில்லர், டிராஃப்ட்லயே யாரும் எடுக்காத கிறிஸ் ஹாரிஸ். ரெண்டும் வேணும், இதுக்கு மேல அந்த சண்டையில ஒண்ணும் இல்ல.

இன்னொரு எச்சரிக்கை, நீங்க கேக்கல, ஆனா சொல்லாம விட மாட்டேன். மார்ச் ஏப்ரல் வந்தா உள் தகவல் தரேன்னு காசு வாங்கற ஆளுங்க முளைப்பாங்க, எந்த டீம் யாரை எடுக்கும்னு மாதா மாதம் இத்தனை டாலர்னு. கொலராடோல பந்தயம் சட்டப்படி செல்லும், அதனால இங்க இவங்க தொல்லை ஜாஸ்தி. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், நல்ல வேலையில இருக்கறவன், இப்படி ஒரு ஆள் கிட்ட மூணு மாசம் காசு கட்டி, அதைக் கேட்டு பந்தயமும் கட்டி, வீட்டுல சொல்ல முடியாம நின்னான். 2023ல யாரோ ஒருத்தர் ஆன்லைன்ல டிராஃப்ட்ல வில் லெவிஸ்தான் முதல் ஆள்னு எழுதப்போய் பந்தய விலையே ஆட்டம் கண்டுச்சு, அவர் போனது 33வது இடத்துல. 2025ல ஷெடூர் சாண்டர்ஸ் முதல் ரவுண்ட்னு பேசாத ஆள் இல்ல, எடுத்தது 144வது. டீமுக்குள்ள இருக்கறவன் வெளிய சொல்ல மாட்டான், சொல்றவன் மத்த டீமை ஏமாத்தறதுக்காக சொல்றான். இவ்ளோதான் உள் தகவல். தயவுசெஞ்சு இவங்களுக்கு ஒரு டாலர் கொடுக்காதீங்க.

அதே மாதிரி 35 டாலருக்கு ஒரிஜினல் ஜெர்சின்னு ஃபோன்ல வர்ற விளம்பரம். என் தங்கச்சி பையனுக்கு ஒண்ணு ஆர்டர் பண்ணி ஆறு வாரம் கழிச்சு வந்துச்சு, ஆரஞ்சே வேற ஆரஞ்சு, நம்பர் மொத துவைச்சதுலயே உரிஞ்சு போச்சு, திருப்பி அனுப்ப அட்ரஸே இல்ல.

டிராஃப்ட் அன்னிக்கு ராத்திரியும் ஜெர்சி வாங்காதீங்க. மேடையில பையன் கையில பிடிக்கிற ஜெர்சில 1னு இருக்கும், அது முதல் ரவுண்ட்னு காட்ட, அவர் போடப்போற நம்பர் இல்ல. உண்மையான நம்பர் சில வாரம் கழிச்சுத்தான் தெரியும்.

அப்ப யாரோடதை வாங்கறது? டிராஃப்ட்ல இதே டீம் எடுத்து, நல்லா ஆடி, இதே டீம் ரெண்டாவது கான்ட்ராக்ட் கொடுத்த ஆளா பாத்து வாங்குங்க. டீம் அவரை நாலு வருஷம் கிட்ட இருந்து பாத்துட்டு கேரண்டி கொடுத்திருக்கு. உங்க பையனுக்கு டிஃபென்ஸ் பிடிக்கும்னு சொல்றீங்க, அப்ப பேட்ரிக் சர்டெய்ன், நம்பர் 2. 2021ல ஒம்பதாவது ஆளா அவரை எடுத்தப்ப குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸை விட்டுட்டாங்கன்னு ஊரே கத்துச்சு, நானும் கத்தினேன். ஃபீல்ட்ஸை 2024 மார்ச்ல சிகாகோ ஒரு ஆறாவது ரவுண்ட் பிக்குக்கு கொடுத்துடுச்சு, சர்டெய்ன் அதே வருஷம் லீக்லயே சிறந்த டிஃபென்ஸ் ப்ளேயர் விருது வாங்கினார். 2024 செப்டம்பர்ல நாலு வருஷம் 96 மில்லியன், அதுல 77.5 கேரண்டி, அந்த விகிதத்தைப் பாருங்க, ஹேன்ஸ்வொர்த்தோட நூறுக்கு நாப்பத்தொண்ணையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

பையன் புது ஆள்தான் வேணும்னு பிடிவாதமா நின்னா, மூணு வருஷம்னு நம்பி வாங்காம ஒரு சீசன் போடறதுக்குன்னு நினைச்சு வாங்கிக் கொடுங்க, பதினோரு வயசுப் பையனுக்கு அடுத்த வருஷம் அந்த சைஸ் எப்படியும் பத்தாது. வில்சன் ஜெர்சியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, மடிச்சு வைங்க, கொஞ்ச வருஷம் போனா அவனே தேடுவான்.