புயல் காற்று 60 கிலோமீட்டரா, 85 கிலோமீட்டரா?

கேள்வி: புயல் நேரத்தில் கைப்பேசிச் செயலியைப் பார்த்தால் காற்று 60 கி.மீ. என்கிறது. செய்தியில் 85 கி.மீ. என்கிறார்கள். எதை நம்புவது? மாடியில் ஷீட் கூரை போட்டிருக்கிறேன். அது எத்தனை கி.மீ. வரை தாங்கும்?

பதில்: இரண்டு எண்களும் சரியாகவே இருக்கலாம். காற்று ஒரே சீராக வீசுவதில்லை, எழும்பும், அடங்கும். அதனால் சராசரி எடுக்கிறார்கள். எத்தனை நிமிடச் சராசரி என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். உலக வானிலை அமைப்பு 10 நிமிடம் என்கிறது. அமெரிக்காவில் 1 நிமிடம், இந்திய வானிலை ஆய்வுத் துறையில் 3 நிமிடம். நேரம் குறையக் குறைய, கிடைக்கும் உச்ச எண் கூடும். இது போக, சில வினாடிகளே நீடிக்கும் திடீர் வீச்சும் உண்டு. "மணிக்கு 60 முதல் 70 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 80 கி.மீ. வேகத்திலும்" என்று அறிக்கையில் வருகிறதே, அந்த 80தான் அது. கூரையைப் பிடுங்குவதும் பெரும்பாலும் அதுதான். ஆகவே இரண்டில் பெரிய எண்ணைப் பாருங்கள்.

இந்த அளவெல்லாம் திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானவை. கிண்ணங்கள் சுழலும் காற்றுவேகமானியை அந்த உயரத்தில்தான் வைப்பார்கள். நடுக்கடலில் பெரும்பாலும் கருவியே இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டிருக்கும் விதத்தை வைத்து வேகத்தைக் கணிக்கிறார்கள். ஐந்து கி.மீ. கூடியது, குறைந்தது என்று பதறுவதில் அர்த்தமில்லை.

கருவி இல்லாமலே ஓரளவு கணிக்க 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் வகுத்த அளவுகோல் இன்றும் உதவுகிறது. பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்க முடியாமல் போனால் சுமார் 40 கி.மீ. சிறு கிளைகள் ஒடிந்து, எதிர்க்காற்றில் நடப்பதே சிரமமானால் 60-ஐத் தாண்டிவிட்டது. மரம் வேரோடு சாய்ந்தால் 90 பக்கம்.

இப்போது கூரை. வேகம் இரட்டித்தால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். 50 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும், 100 கி.மீ. என்றால் 48 கிலோ. 150-இல் நூறைத் தாண்டும். ஷீட்டுக்கு இதில் இன்னொரு தொல்லை: காற்று அதை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதே அதிகம், அதிலும் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் மிக அதிகம். இத்தனை கி.மீ. தாங்கும் என்று ஷீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போல்ட், வாஷர், அடியில் உள்ள இரும்புச் சட்டம், அது சுவரில் பிடித்திருக்கும் விதம் எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. நடுவில் போட்டதைவிட ஓரத்தில் போல்ட் நெருக்கமாக இருக்க வேண்டும், துருப்பிடித்ததை மாற்றிவிடுங்கள். புயலின்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும்.

இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்து. மேற்பரப்பு நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், கொஞ்ச ஆழம் வரைக்கும் சூடாக இருந்தால், ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகும்போது நீராவியின் வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தால் காற்று இன்னும் எழும்ப, கீழே அழுத்தம் குறைய, சுற்றிலுமிருந்து மேலும் ஈரக்காற்று ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் வரும் காற்று வளைந்து சுற்றத் தொடங்கும். நிலநடுக்கோட்டை ஒட்டி இந்த வளைப்பு மிகக் குறைவு, அதனால் அங்கே புயல் உருவாவது அரிது. தரையேறியதும் ஈரம் கிடைக்காமல் பலவீனமாகிவிடும்.

நடுவில் இருப்பது கண். அதைச் சுற்றிய மேகச் சுவரில்தான் காற்று உச்சம். கண் கடக்கும்போது திடீரென அமைதியாகும். அப்போது கூரை ஏறிச் சரிசெய்யப் போகாதீர்கள். அடுத்த காற்று எதிர்த்திசையிலிருந்து வரும், ஏற்கெனவே தளர்ந்த போல்ட்டை அதுதான் பிடுங்கும்.

அப்புறம், "புயல் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நகர்கிறது" என்பது காற்றின் வேகம் அல்ல. மெதுவாக நகர்கிறதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். ஒரே இடத்தில் நெடுநேரம் மழை கொட்டும் என்று பொருள்.

கடலோரமாக இருந்தால் கூரையைவிடப் பெரிய கவலை தண்ணீர். காற்று கடலைக் கரைமேல் தள்ளுவதால் நீர்மட்டம் சில மீட்டர் உயரலாம். 1970-இல் இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய போலா புயலில் மூன்று முதல் ஐந்து லட்சம் பேர்வரை இறந்ததாகக் கணிக்கிறார்கள்; பெரும்பாலோர் இப்படி வந்த கடல்நீரில். கரையோரக் கடல் ஆழமில்லாமல் மெல்லச் சரிந்து போனால் நடுத்தரப் புயல்கூட நிறைய நீரைத் தள்ளிவிடும். அதனால் செயலி எந்த எண்ணைக் காட்டினாலும், வெளியேறச் சொன்னால் கிளம்பிவிடுங்கள். ஷீட்டை வந்து பார்த்துக்கொள்ளலாம்.