வாசகர் கேள்வி பதில்: நட்சத்திர பாலிமரில் எத்தனை கை?

கேள்வி: பாலிஸ்டைரீன் சங்கிலிகளைக் கைகளாக (ஒவ்வொன்றின் மூலக்கூறு நிறை 50,000) சிலிக்கன் டெட்ராகுளோரைடில் இணைத்து நான்கு கை நட்சத்திரம் தயாரிக்கிறோம். ஜி.பி.சி.யில் (மூலக்கூறுகளை அளவுப்படி பிரிக்கும் முறை) ஒரே முகடு வருகிறது, அதன் பக்கத்தில் லேசாக ஒரு தோள் போன்ற புடைப்பு. மூன்று கையோடு நின்றுபோனவை கலந்திருக்கின்றனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஜி.பி.சி.யைக் குறை சொல்லிப் பயனில்லை. அது மூலக்கூறின் நிறையைப் பார்ப்பதில்லை, கரைசலில் அது அடைக்கும் இடத்தைத்தான் பார்க்கிறது. ஒற்றைக் கையின் ஆரத்தை 1 என்று வைத்துக் கணக்கிட்டால் இரண்டு கைக்கு 1.41, மூன்றுக்கு 1.53, நான்குக்கு 1.58 என்று வரும். மூன்றிலிருந்து நான்குக்குப் போகையில் நிறை 33 சதவீதம் ஏறுகிறது, ஆரமோ ஏறக்குறைய 3.5 சதவீதம்தான் ஏறுகிறது. தோளாவது தெரிந்ததே பெரிது.

உங்களுக்கு வேண்டியது டி.ஜி.ஐ.சி., அதாவது பிரிப்புக் குழாயின் வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றிப் பிரிக்கும் முறை. தென்கொரியாவின் போஹாங் நகரில் உள்ள போஸ்டெக் பல்கலைக்கழகத்தில் தைஹ்யுன் சாங் குழுவினர் 1996-இல் இதை வெளியிட்டார்கள். குழாயில் நிரப்பியிருக்கும் சி-18 சிலிக்காவில் (18 கார்பன் சங்கிலிகள் பிணைத்த சிலிக்கா) பாலிஸ்டைரீன் ஒட்டும் பலம், சங்கிலியின் கண்ணிகள் கூடக்கூட மடங்கு மடங்காகப் பெருகும். ஒரே வெப்பநிலையில் ஓட்டினால் 50,000 சீக்கிரம் வந்துவிடும், 2,00,000 உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சூடு ஏற ஏற ஒட்டு தளர்வதால் ஒரு கை, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக இறங்கும். கரைப்பான் கலவையை மாற்றியும் இதைச் செய்யலாம், ஆனால் மூலக்கூறு நிறையை அளக்கும் ஒளிச்சிதறல் கருவியின் அடிக்கோடு ஆடிவிடும். இங்கே கலவை மாறுவதில்லை. அதனால் ஒவ்வொரு முகட்டின் உண்மையான நிறையையும் அங்கேயே அளந்துவிடலாம்.

250 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. உள்விட்டம், 100 ஆங்ஸ்ட்ராம் துளை கொண்ட சி-18 குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். டைகுளோரோமீத்தேன், அசிட்டோநைட்ரைல் 57:43 கன அளவில். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 756 கிராமும் 336 கிராமும் என்று எடைபோட்டுக் கலப்பதே நம்பகமானது. ஓட்டம் நிமிடத்துக்கு 0.5 மி.லி., புற ஊதா 260 நானோமீட்டர். 15 டிகிரியில் தொடங்கி நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 40 வரை ஏற்றிப் பாருங்கள். பிறகு உங்கள் குழாய்க்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம்.

சூடேற்றக் காற்று அடுப்பு வேண்டாம். அது மெதுவாக எட்டும், அறைவெப்பத்துக்குக் கீழேயும் இறங்காது. குழாய்க்கு நீர் உறை போட்டு, நிரல் வைக்கக்கூடிய சுழற்சித் தொட்டியோடு இணையுங்கள். கரைப்பானும் அதே வெப்பநிலையில் நுழைய வேண்டும். அதற்கு குழாய்க்கு முன்னால் ஒரு மீட்டர் மெல்லிய எஃகுக் குழலைச் சுருட்டி அதே தொட்டியில் முக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் குழாயின் நடுவில் ஒரு வெப்பநிலை, ஓரத்தில் இன்னொன்று என்றாகி முகடு அகன்றுவிடும்.

கேள்வி: முதல் ஓட்டத்திலேயே கரைப்பான் முகட்டை ஒட்டி ஒரு பெரிய பாலிமர் முகடு வருகிறது. நாளுக்கு நாள் மற்ற முகடுகளும் தள்ளிப்போகின்றன. ஏன்?

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவதுக்குக் காரணம், மாதிரியைத் தனி டைகுளோரோமீத்தேனில் கரைத்திருப்பீர்கள். அந்தச் சொட்டு பாலிமரில் ஒரு பங்கை ஒட்டவிடாமல் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. ஓடும் கலவையிலேயே மி.லி.க்கு 1 முதல் 2 மி.கி. வரை கரையுங்கள், 20 மைக்ரோலிட்டர் செலுத்துங்கள். அதற்கு முன் அந்தக் குப்பியைத் தொடக்க வெப்பநிலையில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கலங்கியிருந்தால் பாலிமர் குழாய்க்குள் ஒட்டவில்லை, வீழ்படிகிறது. தொடக்கத்தைச் சில டிகிரி உயர்த்துங்கள்.

இரண்டாவது, புட்டியின் மூடி. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிப்பது. ஹீலியத்தை விடாமல் ஊதினாலோ மூடியைத் தளர்த்தி வைத்தாலோ முதலில் பறப்பது அதுதான். மிச்சத்தில் அசிட்டோநைட்ரைல் கூடுகிறது, ஒட்டு இறுகுகிறது. காற்றை முதலிலேயே நீக்கிவிட்டு இறுக மூடுங்கள். குழாயைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து குமிழியும் வரலாம். வெளிவரும் குழலைக் குளிர்வித்து, அளவிடும் கருவிக்குப் பின்னால் சில பார் அழுத்தத்தைத் தக்கவைக்கும் தடுப்பு போடுங்கள். கருவியின் உணர்கலம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கையேட்டில் பார்த்த பிறகுதான்.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் ஒரு சோதனை பாக்கி: குழாயைக் கழற்றிவிட்டு அதே மாதிரியைச் செலுத்தி, முகட்டின் பரப்பை ஒப்பிடுங்கள். குழாயோடு வரும் பரப்பு குறைந்தால் நான்கு கை நட்சத்திரங்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன.

கேள்வி: பாலிஎத்திலீனுக்கும் இது நடக்குமா?

பதில்: நடக்கும், வேறு குழாயில். டவ் நிறுவன ஆய்வாளர்கள் 2011-இல் நுண்துளை கிராஃபைட் கார்பன் குழாயில், ஆர்த்தோ டைகுளோரோபென்சீன் கரைப்பானில் செய்து காட்டினார்கள். அங்கே பிரிவது பெரும்பாலும் நிறையால் அல்ல, சங்கிலியில் எத்திலீனோடு எவ்வளவு ஆக்டீன் (துணை மூலக்கூறு) சேர்ந்திருக்கிறது என்பதால். படிகமாகாத ரப்பர் போன்ற ரகங்களும் பிரியும். படிகமாதலை நம்பும் பழைய முறைகளுக்கு அவை பிடிபடாதவை.