சூடு ஏறினால் பாறையின் மின்தடை எப்போதுமே குறையுமா?

கேள்வி: நீர் ஊறிய பாறையைச் சூடாக்கினால் மின்தடை குறையும் என்கிறார்கள். எப்போதுமே அப்படித்தானா?

பெரும்பாலும் குறையும். "எப்போதுமே" என்றால்தான் வில்லங்கம்.

உப்புநீரில் ஊறிய மணற்பாறைக்குள் மின்சாரம் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, துளைகளில் நிற்கும் நீர். 20 டிகிரியில் இருக்கும் அதன் பாகுத்தன்மை 100 டிகிரியில் கால் பங்கை ஒட்டி இறங்கிவிடும். அயனிகள் தடையில்லாமல் ஓடும். சூட்டுக்கு ஏற்ப நீரின் மின்தடை எவ்வளவு மாறும் என்று கணக்கிட, எண்ணெய்க் கிணற்று ஆட்கள் ஆர்ப்ஸ் சூத்திரத்தைப் போடுவார்கள். 25 டிகிரியில் 1 ஓம்-மீட்டர் (பொருளின் மின்தடையை அளக்கும் அலகு) காட்டும் உப்புநீர் 100 டிகிரியில் சுமார் 0.38 காட்டும். அறை வெப்பநிலைப் பக்கம் டிகிரிக்கு 2 சதவீதம் குறையும் என்ற மனக்கணக்கே போதும்.

இன்னொரு வழி, மணிகளின் மேல்தோல். களிமண் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் சோடியம் போன்ற நேரயனிகள் அதை அப்பிக்கொண்டு கிடக்கும். நீரில் உப்பு குறைவு, களிமண் அதிகம் என்றால் மின்சாரத்துக்கு இதுவே ராஜபாட்டை. சூட்டில் இந்த அயனிகளும் வேகமெடுக்கும். ஆனால் நீரில் மிதக்கும் அயனிகளின் அதே கணக்கில் அல்ல. களிமண் பாறைக்கும் கண்ணை மூடிக்கொண்டு 2 சதவீதம் போடுவது தப்பு.

படிக்கும்போது நானே இதில் மாட்டியிருக்கிறேன். விரல் நீளப் பாறை உருளையை 80 டிகிரி வரை ஏற்றி, இரவு முழுக்க ஆறவிட்டேன். காலையில் மின்தடை பழைய எண்ணுக்குத் திரும்பவில்லை. இரண்டு நாள் மின்முனை ஒயர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் நீரைச் சோதித்தால் பிஎச் (அமில, கார அளவு) மாறியிருந்தது. சூட்டில் பாறை கொஞ்சம் கரைந்திருக்கிறது. பிஎச் மாறினால் சிலிக்காப் பரப்பின் மின்னூட்டமும் மாறிவிடும். ஜீட்டா மின்னழுத்தம் (பரப்பின் மின்னூட்டத்தைக் காட்டும் ஓர் அளவு) சூட்டில் கூடுகிறதா குறைகிறதா என்ற பழைய சண்டையில் பாதி, பிஎச்சைக் கவனிக்காததால் வந்தது என்பது என் கருத்து.

சூடு இன்னும் ஏறினால் தோலே வேறாகிவிடும். ஐஸ்லாந்தின் புவிவெப்ப வயல்களில் மேலே ஸ்மெக்டைட் களிமண் அடுக்கு சில ஓம்-மீட்டர்தான் காட்டும். கீழே 230, 240 டிகிரியைத் தாண்டினால் அங்கே அதற்குப் பதில் குளோரைட் என்ற வேறு கனிமம் உட்கார்ந்திருக்கும். ஸ்மெக்டைட்போல அயனிகளை அவிழ்த்துவிடாது. அதிகச் சூடான பாறைக்கு அதிக மின்தடை! வயல் பிற்பாடு ஆறிப்போனாலும் குளோரைட் அப்படியே நிற்கும். ஆகவே நிலத்தடி மின்தடையை அளந்து வரையும் படம் அங்கே காட்டுவது இன்றைய சூட்டையாக இல்லாமல், என்றோ ஏறிய உச்சச் சூட்டையாகவும் இருக்கலாம்.