தனி கிட்டாருக்கு ஊர் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். யூடியூபும், எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் டேப் குறிப்புகளும் பார்த்து, அக்கூஸ்டிக் கிட்டாரை விரல்களாலேயே மீட்டும் ஃபிங்கர்ஸ்டைல் கற்றுவருகிறேன். பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்று தேவாலயப் பாடகர் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். இங்கே இப்படி வாசிப்பவர் எவரும் இல்லாததால், சென்னைக்குப் போனால்தான் வளரலாம் என்கிறார்கள் நண்பர்கள். கீழ்ச்சுரங்களான பேஸ், பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டு, மெட்டு மூன்றையும் ஒருவனே வாசிக்கும் கலைக்கு அடுத்தவர் எதற்கு என்றும் தோன்றுகிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று பேர் செய்ய வேண்டியதை ஒருவரே செய்வதால்தான், அந்த மூவரோடும் பழகிய காது உங்களுக்கு வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டைவிரல் பேஸ் கம்பிகளில் மாறி மாறி ஒலிக்க, சுட்டுவிரல் மெட்டை எடுத்துச் செல்லும் முறையை இன்று அமெரிக்கக் கிட்டார் கலைஞர் மெர்ல் ட்ராவிஸின் பெயரால் அழைக்கிறோம். ஆனால் அவர் அதை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்க ஊர்களில் மோஸ் ரேகர், ஐக் எவர்லி போன்றோர் வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றார். அவர்களுக்கும் முன்னால், அதே வட்டாரத்தில் வாசித்துவந்த ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் வரை அந்த வழி நீள்கிறது. ட்ராவிஸை வானொலியில் மட்டும் கேட்ட செட் அட்கின்ஸ் என்ற இன்னொரு கிட்டார் கலைஞர், அவர் கட்டைவிரலோடு சுட்டுவிரலை மட்டுமே பயன்படுத்துகிறார் என்று அறியாமல், கூடுதல் விரல்களைப் பழக்கித் தமக்கென ஒரு பாணியை அடைந்தார். தனியாகக் கற்கும் உங்களுக்கு இது தெம்பு தரும். ஆனால் அந்த அட்கின்ஸும் வானொலி நிலையங்களில் பாடகர்களுக்குப் பக்கம் வாசித்துத்தான் தேர்ந்தார்.

பாடகர் குழுவை விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான்கு குரல்களில் பாடும் பாமாலை ஒன்றை எடுத்துக்கொண்டு, கிட்டார் இல்லாமல், பேஸ் பாடுகிறவர்களின் நடுவில் நின்று சில வாரங்கள் பாடுங்கள். வரி முடியும் இடத்தில் அவர்கள் மூச்சு வாங்குவதும், அந்த மூச்சுக்காக மற்ற மூன்று குரல்களும் காத்திருப்பதும் டேபில் எழுதப்படுவதில்லை. அதன் பிறகு உங்கள் கட்டைவிரல் மூச்சே விடாமல் ஓடுவது உங்கள் காதுக்கே கேட்கும். ஒரு கீர்த்தனையை அங்குள்ள பெரியவர்களுக்கு வாசித்தும் காட்டுங்கள். அவர்களுக்குக் கார்டு தெரியாது, பாட்டு தெரியும். "அந்த அடியில் என்ன அவசரம்?" என்று அவர்கள் கேட்டால் அதை மதித்துத் திருத்துங்கள்.

நம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் நடக்கும் வில்லுப்பாட்டையும் அருகில் அமர்ந்து கேளுங்கள். புலவர் வீசுகோலால் வில்லை அடித்துப் பாடும்போது குடமும் உடுக்கையும் ஜால்ராவும் சேர்ந்து எழும். அவர் பாட்டை நிறுத்திக் கதையை வசனமாகச் சொல்லத் தொடங்கியதும் குடக்காரரின் கை தணிந்து, சொல்லுக்கு இடம் விட்டு, அடுத்த பாட்டுக்குச் சற்று முன்னதாகவே மீண்டும் ஏறும். கிட்டாரின் உடலில் தட்டி வாசிக்கும் இளைஞர்கள் பலர் தட்டலைச் சாகசமாகவே கற்கிறார்கள். எங்கே ஒடுங்க வேண்டும் என்பதை அந்தக் குடக்காரரிடம் நீங்கள் கற்கலாம். அவ்வளவு நல்ல ஆசிரியர் இந்த விஷயத்தில் வேறு எங்கும் எளிதில் கிடைக்கமாட்டார்.

சென்னைக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நகத்தைப் பேணுவது, சுருதியை மாற்றிக் கட்டுவது, ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்பைப் பொருத்துவது போன்றவற்றை இதே கருவியை வாசிப்பவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். அதற்குச் சில நாள் பயணம் போதும், குடியேறத் தேவையில்லை. போகும்போது அவர்களிடம் வாசித்துக் காட்ட, இங்கே நீங்கள் பாடிப் பழகிய ஒரு கீர்த்தனையை முழுதாக அமைத்து எடுத்துச் செல்லுங்கள்.