மீன் தொட்டிக்குக் கேன் தண்ணீர் வாங்குவதா, வீட்டு ஆர்.ஓ.விலேயே பிடிப்பதா?

பெரம்பூரில் வாடகை வீடு, போர் தண்ணீர் உப்பு, இரண்டடித் தொட்டியில் மோலியும் கப்பியும் விட ஆசை, வாராவாரம் கேன் வாங்கி ஊற்றலாமா, வீட்டு ஆர்.ஓ. மெஷினில் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டையில் பதினோரு வருடமாக மீன் வளர்க்கிறேன். மீனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். கேனில் வருவதும் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர்தான். இரண்டில் எதையும் தனியாக ஊற்றாதீர்கள்.

2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, எங்கள் தெருவில் அடி பம்பை எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வந்தது. மனிதர் குடிக்கிற தண்ணீர் மீனுக்கு மட்டும் கெடுதலா செய்யும் என்று நினைத்து, தொட்டியில் கிட்டத்தட்ட பாதியை இறக்கிவிட்டு ஒரு கேனை அப்படியே ஊற்றினேன். மறுநாள் காலையில் மோலிகள் நீந்தவில்லை. துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தன, குளிரில் நடுங்குகிற மாதிரி. மூன்றாம் நாள் ஆறில் நான்கு போய்விட்டன. இன்றைக்கு நினைத்தாலும் மனது கஷ்டப்படுகிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. மோலியும் கப்பியும் கடினத் தண்ணீர் மீன்கள், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் நிறைய உள்ள தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அநேகமாக இருக்காது. நன்னீர் மீனின் உடம்பிலிருந்து உப்பு எப்போதும் செவுள் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே உள்ள தண்ணீர் வெறுமையாக இருந்தால் அதை ஈடுகட்டுவது மீனுக்குப் பெரிய பாடு. போதாததற்கு, தொட்டியில் சேரும் கழிவால் தண்ணீர் மெல்ல அமிலமாகும். அதைத் தாங்கிப் பிடிக்கிற கார்பனேட்டும் ஆர்.ஓ.வில் போய்விடுவதால் பிஎச் திடீரென்று சரியும், அதாவது தண்ணீர் சட்டென்று அமிலமாகிவிடும்.

அதனால் முதலில், தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். என் வீட்டில் போர் தண்ணீர் 1400, மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) 350 காட்டியது. கேன் ஒரு வாரம் 20, இன்னொரு வாரம் 90. கேன் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம். தண்ணீர் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் வாரம் தவறாமல் ஒரே மாதிரி இருந்தால் மீன் பழகிக்கொள்ளும்.

இப்படிச் சொன்னதும் போர் தண்ணீரையும் கேனையும் கலந்து 300க்குக் கொண்டுவரலாமே என்று தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் நம் பக்கம், கடலோரத்தில், பல இடங்களில் போரில் கடல் நீர் கலந்திருக்கிறது. அந்த 1400இல் பெரும்பகுதி சாதாரணச் சமையல் உப்பாகவே இருக்கலாம், மீனுக்கு வேண்டிய கால்சியம் குறைவாக இருக்கலாம். மீட்டர் மொத்தத்தைத்தான் காட்டும், எது எவ்வளவு என்று சொல்லாது.

மெட்ரோ வாட்டர் வருகிறதென்றால் அதுதான் உங்கள் தொட்டிக்கு அடிப்படை. டிரம்மில் பிடித்து, மூடாமல், ஏர் பம்பு ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். லாரித் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தும் விடுங்கள். கொதிக்கவைத்தாலோ துணியில் வடிகட்டினாலோ உப்பு குறையாது. கார்பன் ஃபில்டர் குளோரினை எடுக்கும், அதுவும் உப்பைத் தொடாது.

மெட்ரோ வராத நாட்களில் ஆர்.ஓ.வோடு கொஞ்சம் போர் கலந்து, ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி கிளிஞ்சலைப் போட்டு வைக்கிறேன். காசிமேடு கடற்கரையில் பொறுக்கியது, நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தது. தண்ணீர் அமிலமாக ஆக, கிளிஞ்சல் மெல்லக் கரைந்து கால்சியமும் கார்பனேட்டும் கொடுக்கும்.

தனி ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரே ஒரு நல்ல இடம் உண்டு. வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும், கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடு படியும். தண்ணீர்தான் போகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது. அந்தக் குறையைப் போரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆர்.ஓ.வால் நிரப்புங்கள்.

செலவு பெரிதில்லை. இரண்டடிக்கு ஓரடி, ஓரடி என்றால் 56 லிட்டர். வாரம் கால்வாசி மாற்றினால் 14 லிட்டர், ஒரு கேன்கூட ஆகாது. மெஷின் ஏற்கெனவே இருந்தால் அதிலேயே பிடியுங்கள், ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும், அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம். மீனுக்காக மட்டும் புது மெஷின் வாங்க வேண்டாம். டிஸ்கஸ் மீன் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் வேறு பேச்சு, அதற்கு மென்மையான தண்ணீர் வேண்டும்.

கொளத்தூருக்கு மீன் வாங்கப் போகும்போது மீட்டரையும் எடுத்துப் போங்கள். கடைத் தொட்டியில் எவ்வளவு என்று பார்த்து, வீட்டுத் தண்ணீரை அதை ஒட்டித் தயார் செய்யுங்கள். பையிலிருந்து மீனைச் சட்டென்று கொட்டிவிடாமல், உங்கள் தண்ணீரை டம்ளர் டம்ளராகப் பையில் சேர்த்து, முக்கால் மணி நேரம் கழித்து வலையால் எடுத்து விடுங்கள்.